படித்தது பரீட்சை ஹாலில் மறப்பது ஏன்? பதற்றம், ஓய்வு, ஞாபகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் தை பிறந்துவிட்டால் சாயங்காலம் எங்கள் வீட்டு முகப்பில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வந்து உட்கார்ந்து படிக்கும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். பாடத்தில் கேட்கும் சந்தேகத்தைவிட "சார், படிச்சது மறந்து போகுது" என்பதுதான் அதிகம். கூட்டிப் போக வரும் அப்பா அம்மாக்களும் கேட்பார்கள். எதிர்வீட்டு ஆச்சியும் கேட்பார். ஒரே பதிலை வருஷா வருஷம் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்தது இது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"டென்ஷன் டென்ஷன்னு சொல்றோமே, உடம்புக்குள்ள என்னதான் சார் நடக்குது?"

இரண்டு அலையாக நடக்கிறது. முதல் அலை நரம்பு வழியாக, நொடிக்கணக்கில். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் என்ற ஹார்மோன் பாய்கிறது. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், வாய் வறளும், வயிற்றைக் கலக்கும். நாய் துரத்தினால் ஓடவோ கல்லை எடுத்துக்கொண்டு எதிர்த்து நிற்கவோ உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் இதை விளக்கி எழுதினார். துரத்துவது நாயா, வினாத்தாளா என்று அந்தச் சுரப்பி விசாரிப்பதில்லை.

இரண்டாவது அலை ரத்தத்தின் வழியாக, நிதானமாக வரும். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அதற்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லி, பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்லி, கடைசியில் கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும். பயம் தொடங்கி 20, 30 நிமிடம் கழித்துத்தான் இது உச்சத்துக்குப் போகும். கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். விறகை வெளியே இழுத்தாலும் அண்டாத் தண்ணீர் உடனே ஆறிவிடுமா? அப்படித்தான், படபடப்பு நின்ற பிறகும் கார்டிசால் வெகுநேரம் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இந்த 20, 30 நிமிடக் கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

"மன அழுத்தம், மனச்சோர்வு எல்லாம் ஒண்ணுதானே?"

இல்லை. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் "மன அழுத்தம்" என்றே சொல்லிவிடுகிறோம். இந்தப் பக்கத்தில் நான் பேசுவது சில நிமிடம் முதல் சில மணி நேரம் வரை இருக்கும் திடீர்ப் பதற்றம்: பரீட்சை, நேர்காணல், மேடை. வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டுப்போவது மனச்சோர்வு. அது வேறு, அதற்கு வைத்தியம் உண்டு. கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

"நேத்து ராத்திரி வரி விடாம ஒப்பிச்சான் சார். ஹால்ல போய் உக்காந்ததும் எல்லாம் மறந்துருச்சுங்கிறான். எங்க போச்சு அது?"

எங்கேயும் போகவில்லை. ஞாபகம் என்பது மூன்று வேலை: உள்ளே வாங்குவது, பத்திரப்படுத்துவது, வேண்டும்போது எடுப்பது. உங்கள் பையன் முதல் இரண்டையும் முடித்துவிட்டான். பதற்றம் மறித்தது மூன்றாவதை. ஞாபகத்தைத் தேடி எடுத்துத் தரும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் கார்டிசால் வந்து ஒட்டும் இடங்கள் ஏராளம். அந்த ஹார்மோன் கூடினால் எடுக்கும் வேலை தடுமாறும்.

இதை அழகாகக் காட்டிய சோதனை ஒன்று 1998-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்க எலிகளைப் பழக்கினார்கள். மறுநாள் சோதிப்பதற்கு முன்னால் லேசான மின் அதிர்ச்சி. அதிர்ச்சி கொடுத்து 2 நிமிடத்தில் சோதித்தால் எலிக்கு இடம் ஞாபகம் இருந்தது. 4 மணி நேரம் கழித்துச் சோதித்தாலும் இருந்தது. 30 நிமிடத்தில் சோதித்தபோதுதான் திணறியது. நான் மேலே சொன்ன இரண்டாவது அலையின் உச்சம் அந்த நேரம்தான். 4 மணி நேரத்தில் திரும்பி வந்ததைக் கவனியுங்கள். அழிந்துபோன ஞாபகமாக இருந்தால் திரும்பி வந்திருக்காது.

எனக்கே நடந்தது ஒன்று. ஏழாம் வகுப்பில் செய்யுள் ஒப்புவித்தல் போட்டி. மூன்று பாட்டு மளமளவென்று வந்தது, நாலாவது பாட்டுக்கு முதல் சொல்லே வரவில்லை. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் எங்கள் ஆயா (பாட்டி) வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நடுவர் இரக்கப்பட்டு முதல் சீரை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான், மீதி நாலடியும் தானாக வந்து விழுந்தது. ஆறுதல் பரிசாக ஓர் எவர்சில்வர் டம்ளர். பாட்டு உள்ளேதான் இருந்திருக்கிறது, நுனி மட்டும் கைக்கு அகப்படவில்லை.

"அப்ப டென்ஷனே இல்லாம போனா நல்லா எழுதலாமா?"

அதுவும் இல்லை. யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் 1908-இல் சுண்டெலிகளை வைத்துக் கண்டது: எளிய வேலையென்றால் தூண்டுதல் கூடக்கூட நன்றாகச் செய்யும். கடினமான வேலையென்றால் நடுத்தரமான தூண்டுதல்தான் உதவும், அதற்கு மேல் போனால் கெடும். சமையலில் உப்புக்கு உள்ள கணக்குதான். கொஞ்சம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றால் உடம்பு விழித்துக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள், பயப்பட ஒன்றுமில்லை.

"பயந்துபோன விஷயம் மட்டும் ஏன் சார் மறக்கவே மாட்டேங்குது? நீங்க சொல்றதுக்கு இது நேர்மாறா இருக்கே?"

கெட்டிக்காரத்தனமான கேள்வி, ஒரு பத்தாம் வகுப்புப் பெண் கேட்டது. இரண்டும் உண்மை. பதற்றம் எடுக்கும் நேரத்தில் வந்தால் மறிக்கும். வாங்கும் நேரத்திலோ வாங்கிய உடனேயோ வந்தால் அழுத்திப் பதிக்கும். அமிக்டலா என்ற வாதுமைக்கொட்டை அளவு பகுதி, "இது முக்கியம், விடாதே" என்று பக்கத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸை உசுப்பிவிடுகிறது. 1994-இல் கேஹில், மெக்காக் குழுவினர், விபத்தில் சிக்கிய ஒரு சிறுவனின் கதையைப் படங்களோடு சொன்னார்கள். சாதாரணமாகக் கேட்டவர்களுக்கு விபத்துப் பகுதி தூக்கலாக ஞாபகம் இருந்தது. அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் புரோபிரனலால் மாத்திரை சாப்பிட்டுவிட்டுக் கேட்டவர்களுக்கு அந்தத் தூக்கல் இல்லை.

இதைப் படித்துவிட்டு அந்த மாத்திரையைத் தேடிப் போகாதீர்கள். பரீட்சைக்கு முன் யாரோ சொன்னார்கள் என்று வாங்கி விழுங்குகிறவர்கள் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் கிட்டே போகக் கூடாது.

இன்னொன்று. அழுத்திப் பதிந்தது என்பதால் அப்படியே சரியாகப் பதிந்தது என்று அர்த்தமில்லை. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், செய்தி எப்படித் தெரிந்தது என்று ஓர் அமெரிக்கக் கல்லூரியில் மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டுக்கு மேல் கழித்து அவர்களையே மறுபடி கேட்டால், பலர் வேறு கதை சொன்னார்கள், அதுவும் சத்தியம் செய்யாத குறையாக. எங்கள் ஆயா வாயைத் திறந்து பார்த்தது என்று மேலே எழுதினேனே, அதையும் நான் பாதிதான் நம்புகிறேன்.

"தெரிஞ்ச கணக்குலயே கூட்டல் தப்பு வருதே சார், அதுவும் மறதிதானா?"

இது மறதியில் சேராது, இடப் பற்றாக்குறை. கணக்குப் போடும்போது நடுவில் வரும் எண்களை ஒரு நிமிடம் கையில் பிடித்திருக்கிறோமே, அந்த வேலை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியுடையது. அங்கே ஒரே நேரத்தில் நாலைந்து விஷயத்துக்குத்தான் இடம். "தப்பாயிட்டா அப்பா என்ன சொல்வாரு" என்ற கவலை அதில் இரண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டால் கணக்குக்கு என்ன மிஞ்சும்? பதற்றத்தில் பெருகும் ரசாயனங்களும் அந்தப் பகுதியின் பிடியைத் தளர்த்துகின்றன. 1993-இல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் உருவான பதற்றச் சோதனையில், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டிருக்கும் நடுவர்கள் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு 1022-இலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். தப்பினால் முதலிலிருந்து. வீட்டில் காபி குடித்துக்கொண்டே செய்து பாருங்கள், பிறகு நாலு பேர் உற்றுப் பார்க்கச் செய்து பாருங்கள்.

வாய்ப்பாடு மட்டும் அந்த நிலையிலும் தப்பாமல் வரும். பதற்றத்தில் மூளை, யோசித்துச் செய்யும் வழியை விட்டுப் பழக்கத்தில் ஓடும் வழிக்கு மாறிக்கொள்கிறது. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக) வேலை பழகப் போன அந்தக் காலத்துப் பிள்ளைகளைக் கீழ்வாய் இலக்கம் (பின்ன வாய்ப்பாடு) வரை உருப்போட வைத்துத்தான் அனுப்பினார்கள். ஆள் கத்தினாலும் வட்டிக்கணக்கு வாயில் வரவேண்டுமே! ஆனால் புதுமாதிரிக் கணக்குக்குப் பழக்கம் உதவாது. அதற்கு, ஒவ்வொரு படியையும் மனதில் வைக்காமல் தாளில் எழுதுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வொன்று 2011-இல் வெளிவந்தது. பரீட்சைக்கு முன்னால் தங்கள் பயத்தைப் பத்து நிமிடம் தாளில் எழுதிக் கொட்டியவர்கள், குறிப்பாகப் பயந்தாங்கொள்ளிகள், கூடுதலாக மார்க் வாங்கினார்கள். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடலாம், யாரும் படிக்கத் தேவையில்லை.

"தம்பி, பேத்தி கலியாணத்துல கொத்துச்சாவிய எங்க வச்சேன்னே தெரியல. எனக்கு மறதி நோய் வந்துருச்சாப்பா?"

எதிர்வீட்டு ஆச்சி கேட்டது. பையனுக்கு நடந்ததும் ஆச்சிக்கு நடந்ததும் வேறு வேறு. பையன் வாங்கி வைத்திருந்தான், எடுக்க முடியவில்லை. ஆச்சி வாங்கவே இல்லை. ஒரு கை சாவியை வைக்கும்போது கண் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்கிறது, காது இரண்டாங்கட்டில் சமையல்காரர் கேட்பதைக் கேட்கிறது. கவனம் விழாத இடத்தில் ஞாபகம் எப்படி விழும்? பிறகு எத்தனை தேடினாலும் கிடைக்காது. (சாவி மூன்றாம் நாள் பணியாரச் சட்டிக்குள் இருந்து கிடைத்தது. யார் வைத்தது என்று இன்றுவரை வழக்கு.)

இதற்கு மருந்து நம் ஊரிலேயே இருக்கிறது: சிட்டை, அதாவது எழுதிவைக்கும் பட்டியல். இத்தனை பெரிய கல்யாணங்களை நம் ஆச்சிமார் சாமான் சிட்டை, முறைச்சிட்டை என்று எழுதி வைத்துத்தானே நடத்தினார்கள். அவர்களுடைய ஞாபகம் தாளில் இருந்தது, தலை மற்ற வேலையைப் பார்த்தது. சாவிக்கு ஒரே ஆணி, ஒரே ஆள்.

கவலைப்பட வேண்டிய மறதிக்கு வேறு அடையாளங்கள் உண்டு. பழகிய தெருவில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது, சொன்ன பதிலை மறந்து அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, பல வருஷம் வைத்த குழம்பின் பக்குவம் மறந்து போவது. இவை மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று பேச்சுக் குழறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் போனாலோ நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"படிச்சு முடிச்சதும் பத்து நிமிஷம் போன் பாத்தா என்ன சார் தப்பு? அதுவும் ரிலாக்ஸ்தானே?"

கைக்கு ஓய்வு, மூளைக்கு இல்லை. படித்தது உள்ளே போன உடனே இறுகிவிடுவதில்லை, சுண்ணாம்புக் காரை மாதிரி காய நேரம் வேண்டும். ஈரத்தில் வேறு எதையாவது பூசினால் கலைந்துவிடும். 1900-லேயே முல்லர், பில்செக்கர் என்ற ஜெர்மானியர்கள் இதைச் சொல்லிவிட்டார்கள். 2012-இல் ஸ்காட்லாந்தில் வயதானவர்களிடம் இரண்டு சிறுகதைகளைச் சொன்னார்கள். ஒரு கதைக்குப் பின் 10 நிமிடம் மங்கலான அறையில் சும்மா உட்காரச் சொன்னார்கள், மற்றதற்குப் பின் படங்களில் வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டு. 7 நாள் கழித்துக் கேட்டபோதும், சும்மா உட்கார்ந்ததற்கு முன்னால் கேட்ட கதைதான் கூடுதலாக ஞாபகம் இருந்தது.

ஆகவே எங்கள் முகப்பில் ஒரு சட்டம்: ஒரு பாடம் முடிந்தால் பத்து நிமிடம் தரையில் மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்க்க வேண்டும். பர்மாத் தேக்கு விட்டம், எண்ணிக்கொண்டிருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. "பிள்ளைகளைத் தூங்க வைக்கவா அனுப்பினோம்" என்று ஒரு தாயார் சண்டைக்கே வந்துவிட்டார். தூங்கினாலும் நல்லதுதான் அம்மா என்றேன், கோபம் இன்னும் கூடிவிட்டது.

"மூச்சுப் பயிற்சி நெசமாவே வேலை செய்யுதா, சும்மா சொல்றதா?"

செய்கிறது, ஆனால் சொல்லுகிற அளவுக்கெல்லாம் இல்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது சற்று மெதுவாகவும் அடிக்கும். நாடியில் விரல் வைத்தால் நீங்களே உணரலாம். விடும் மூச்சை நீட்டினால் மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துக்குக் கடிவாளம் விழுகிறது. நாலு எண்ணும் நேரம் இழுத்து, ஆறு எண்ணும் நேரம் விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களில் எழுதிய இன்னொரு முறையும் சுலபம்: கையை இறுக்கி மூடி, ஐந்து எண்ணி, விட்டுவிடுவது. பெஞ்சுக்குக் கீழே செய்தால் யாருக்கும் தெரியாது.

இவை அடக்குவது முதல் அலையை. ஏற்கனவே ரத்தத்தில் இறங்கிவிட்ட கார்டிசாலை மூச்சால் ஊதித் தள்ள முடியாது, அது தானாகத்தான் வடியும். அதனால் பதற்றம் வந்தபின் செய்வதைவிட, ஹாலுக்குப் போவதற்கு அரை மணி முன்பே செய்வது பலன். பழக்கமும் வேண்டும். தை மாதமே தினம் ஐந்து நிமிடம் பழகாதவனுக்குப் பங்குனியில் மூச்சை எண்ணுவதே ஒரு புது டென்ஷன்.

"பிள்ளையார்பட்டில பேனாவ வச்சுக் கும்பிட்டு வந்தா ஞாபகம் வருமா சார்?"

நானும் வைத்திருக்கிறேன். நம்பிக்கை உள்ளவருக்கு மனம் அமைதிப்படும், அமைதிப்பட்டால் மேலே சொன்ன அத்தனையும் நடக்கும். பரீட்சையன்று காலையில் பஸ்ஸுக்கு ஓடாமல் முந்தின நாளே போய் வந்துவிடுங்கள்.

"முந்தின நாள் ராத்திரி பூரா முழிச்சு, காபி குடிச்சுப் படிக்கலாமா?"

வேண்டாம். 1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்பவர்கள் இரண்டே மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். படித்துவிட்டுத் தூங்கினால் மறப்பது குறைவு, விழித்திருந்தால் அதிகம். பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகள் அதையே சொல்லின. காபியில் உள்ள கஃபீன் பாதி அளவு குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். அதோடு அது தரும் படபடப்பும் பயத்தின் படபடப்பும் ஒரே மாதிரி இருக்கும், உடம்பு குழம்பும். தினமும் காலையில் ஒரு டம்ளர் குடிக்கிறவர் அன்றும் ஒரு டம்ளரோடு நிறுத்தலாம்.

"ஹால்ல திடீர்னு மறந்து போச்சு. அந்த நிமிஷம் என்ன செய்யறது?"

அந்தக் கேள்வியை விட்டுவிட்டு நகருங்கள். முறைத்துப் பார்த்தால் பயம் கூடும், பயம் கூடினால் வழி இன்னும் அடைபடும். நம் பொதுத்தேர்வில் முதல் 10 நிமிடம் வினாத்தாளைப் படிக்க மட்டும்தான், அதை வீணாக்காமல் நிச்சயமாகத் தெரிந்த நாலு கேள்விகளை அடையாளம் பார்த்து வையுங்கள். அவற்றை எழுத எழுத, நேரமும் போகும், கார்டிசாலும் வடியும்.

திரும்பி வரும்போது விடையைத் தேடாதீர்கள், நுனியைத் தேடுங்கள். அந்தப் பாடம் புத்தகத்தில் இடப்பக்கமா வலப்பக்கமா, மேலே என்ன படம், அதைப் படித்தபோது எங்கே உட்கார்ந்திருந்தோம், பக்கத்தில் யார். ஒரு நுனி கிடைத்தால் போதும், என் நாலாவது பாட்டு வந்த மாதிரி வரும். வராமல் போய், சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது பளிச்சென்று வந்து நின்றால் அழாதீர்கள். அடுத்த பரீட்சைக்கு அது ஒரு சாட்சி: படித்தது உள்ளேதான் இருக்கிறது.

"இவ்வளவு சொல்றீங்க. டென்ஷன் வந்தாலும் மறக்காம இருக்க ஒரே ஒரு வழி சொல்லுங்க சார்."

புத்தகத்தை மூடிவிட்டு எடுத்துப் பாருங்கள். படிப்பது என்றால் திரும்பத் திரும்ப வாசிப்பது என்று நினைக்கிறோம். அது வாங்கும் பயிற்சி. பதற்றம் கெடுப்பதோ எடுக்கும் வேலையை. 2016-இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 120 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்குத் திரும்ப வாசிப்பது வேலை, இன்னொரு சாராருக்குப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதுவது வேலை. மறுநாள் சிலரைப் பதற வைத்துச் சோதித்தார்கள். வாசித்துப் படித்தவர்கள் பதற்றத்தில் சறுக்கினார்கள். எடுத்துப் பழகியவர்கள் பதறியும் சறுக்கவில்லை.

வெற்றுத் தாள், மூடிய புத்தகம், கடிகாரம். வாரம் ஒரு நாள் யூனிபார்மோடு, தண்ணீர் பாட்டிலோடு, வாய் பேசாமல் மூன்று மணி நேரம். எங்கள் முகப்பில் ஞாயிற்றுக்கிழமை இதுதான் நடக்கும். முதல் வாரம் எல்லாரும் என்னைத் திட்டுவார்கள்.

"நாங்கல்லாம் அடி வாங்கித்தான் சார் படிச்சோம். திட்டிப் படிக்க வச்சா நல்லா பதியும்னு நீங்களே சொல்றீகளே?"

ஓர் அப்பா, அமிக்டலா பதிலைப் பிடித்துக்கொண்டு மடக்கினார். பதியும்தான் அண்ணே. எது பதியும் என்பதுதான் கேள்வி. பயத்தில் கவனம் பயமுறுத்துவதன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். சுவாச மண்டலம் நடத்தும்போது பிரம்பை ஆட்டினால், இருபது வருஷம் கழித்தும் பிரம்பு ஞாபகம் இருக்கும். நுரையீரல் இருக்காது. உங்களுக்கு அடித்த வாத்தியார் பெயர் ஞாபகம் இருக்கிறதல்லவா, அன்றைக்கு என்ன பாடம் என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

பரீட்சையன்று காலையில் மட்டுமாவது வாயைக் கட்டுங்கள். 9.35-க்குப் பள்ளிக்கூட வாசலில் வைத்து, "அஞ்சு மார்க் கேள்வி படிச்சியா இல்லியா, சொல்லு" என்று நாலு பேர் முன்னால் அதட்டினால், 30 நிமிடக் கணக்குப்படி கார்டிசால் எப்போது உச்சிக்குப் போகும்? 10.05. பிள்ளை கையில் அப்போதுதான் வினாத்தாள் இருக்கும்.

"ஒரு மாசமா மகளுக்குத் தூக்கமே இல்ல, சாப்பாடும் எறங்கல. பரீட்சை முடிஞ்சா சரியாயிருமா சார்?"

காத்திருக்க வேண்டாம். மேலே சொன்ன மூச்சும் சிட்டையும் பத்து நிமிட ஓய்வும் திடீர்ப் பதற்றத்துக்குத்தான். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, அழுகை, எதிலும் ஈடுபாடின்மை, "நான் இல்லாம போனாத் தேவலை" என்ற பேச்சு, இவற்றில் ஒன்று இருந்தாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு தலைமை மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. போனில் பேச 14416, மத்திய அரசின் இலவச மனநல எண், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-லும் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்கிறார்கள். "ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்குக் கலியாணப் பேச்சு வரும்போது என்ன சொல்றது" என்று அந்த அம்மா தயங்கினார். போன் பேசுவது யாருக்கும் தெரியாது, இங்கேயே பேசுங்கள் என்று உள்ளே வளவுக்குக் கூட்டிப்போய்ப் போனைக் கொடுத்தேன். பிள்ளைகளை அன்றைக்கு அரை மணி கூடுதலாக விட்டம் பார்க்கச் சொன்னேன்.